வெளிப்புற மரப் பூச்சுகள்: எப்படித் தோற்கின்றன என்பதை வைத்து ஒரு மதிப்பீடு

வெளியில் நிற்கும் மரத்துக்கான பூச்சு டப்பாக்களில் இரண்டு வாசகங்கள் தவறாமல் இருக்கும்: "நீர் புகாது", "நீண்ட நாள் உழைக்கும்". இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இந்த மதிப்பீடு. நீரை முழுக்கத் தடுக்கும் பூச்சு என்று எதுவும் இல்லை. எல்லாமே நீர் உள்ளே போகும் வேகத்தைக் குறைப்பவைதான். எத்தனை நாள் உழைக்கும் என்பதும் பூச்சைவிடப் பூசிய இடத்தைத்தான் அதிகம் பொறுத்தது. ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினாலும் நிற்கும் தூணில் நான்கு ஆண்டு தாங்குவது, படுத்திருக்கும் பலகையில் ஒரு மழைக்காலத்திலேயே ஓய்ந்துவிடலாம். அதனால் பூச்சு வாங்குமுன் கேட்க வேண்டியது வேறு: இது தோற்கும்போது எப்படித் தோற்கும்? மெல்ல மங்கித் தேயுமா, செதில் செதிலாக உரியுமா, அல்லது மேலே பளபளத்துக்கொண்டே அடியில் மரத்தை இற்றுப்போக விடுமா? மூன்றாவது வகைதான் ஆபத்து. விற்பனையில் அழகாகத் தெரிவதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் ஈரத்தின் கணக்கு

மரத்தின் ஈரப்பதம் என்பது, அதிலுள்ள நீரின் எடை முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையில் எத்தனை சதவீதம் என்பது. சுமார் 28 முதல் 30 சதவீதம் வரை நீர் முழுவதும் செல்சுவர்களுக்குள்ளேயே ஒட்டி நிற்கும். அதைத் தாண்டினால் செல்களின் உட்குழியில் நீர் தேங்கும். மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சை அப்போதுதான் செழிக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அந்தப் பூஞ்சைக்கு வேலையில்லை என்பது நடைமுறை விதி. இடையிலுள்ள எட்டுப் பத்து சதவீதம் பாதுகாப்பு இடைவெளி. ஈரத்தை அளக்கும் மீட்டர் ஓரிடத்தில் காட்டும் அளவு பக்கத்து இடத்தில் அப்படியே இருக்காது என்பதால் வைத்தது.

காற்றின் ஈரம் மட்டும் மரத்தை அந்த எல்லைக்குக் கொண்டுபோவது அரிது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் நாளடைவில் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிலைக்கும். 80 என்றால் 16. 90 என்றால் 20 அளவுக்கு வரும். கடலோரப் புழுக்கத்திலும் கூரைக்கடியில் இருக்கும் மரம் பல்லாண்டு நிற்பது இதனால்தான். மரத்தைக் கெடுப்பது திரவமாக வரும் நீர்: மழை, தெறிப்பு, மண்ணிலிருந்தும் காங்கிரீட்டிலிருந்தும் ஏறும் ஊறல், இரண்டு பலகை ஒட்டும் இடுக்கில் தங்கும் நீர்.

மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எத்தனை நாள் பெய்தது என்பது முக்கியம். தியோடர் ஷெஃபர் 1971-ல் வகுத்த தட்பவெப்பக் குறியீடு இதைத்தான் கணக்கிடுகிறது. மண்ணைத் தொடாத வெளிப்புற மரம் எவ்வளவு எளிதில் இற்றுப்போகும் என்பதற்கான அளவுகோல் அது. ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி வெப்பநிலையில் (செல்சியஸ்) 2-ஐக் கழிக்க வேண்டும். 0.25 மில்லிமீட்டராவது மழை பெய்த நாள்களின் எண்ணிக்கையில் 3-ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டி, 16.7-ஆல் வகுக்க வேண்டும். விடை 35-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 65-க்கு மேல் என்றால் அதிகம். சராசரி 28 டிகிரி உள்ள ஓரிடத்தில் மூன்று மாதம் மட்டும் 12 நாள் வீதமும் மற்ற மாதங்களில் மூன்று நாள் வீதமும் மழை பெய்தால் குறியீடு 42. அதே வெப்பத்தில் ஆண்டு முழுவதும் மாதம் பத்து நாள் தூறினால் 131. கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையைவிட, விட்டு விட்டுத் தூறும் மழை மரத்துக்குக் கெடுதல்; இடையில் காய நேரம் கிடைப்பதில்லை. தன் ஊரின் மாத வாரியான மழைநாள் பட்டியலை ஒருமுறை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தவர், கீழே சொல்லும் வகைகளில் தனக்கு எது என்பதைப் பாதி முடிவுசெய்துவிடலாம்.

இன்னொன்று அசைவு. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் அகலத்தில் விரிந்து சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய அசைவதே இல்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் தேக்கு, ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.2 சதவீதம் மாறும். பைன் வகைகள் இன்னும் கொஞ்சம் கூடுதல். 140 மில்லிமீட்டர் அகலப் பலகை, வெயில்காலத்து 10 சதவீதத்திலிருந்து மழைக்காலத்து 18-க்குப் போனால் தேக்கில் இரண்டேகால் மில்லிமீட்டர், பைனில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். அந்த மூன்று மில்லிமீட்டரோடு சேர்ந்து நீள முடியாத எந்தப் படலமும் கிழியும். இந்த ஒரு விஷயம் பல டப்பாக்களின் தலையெழுத்தை நிர்ணயித்துவிடுகிறது.

தெளிந்த வார்னிஷ்: பார்க்க அழகு, பராமரிக்கப் பெரும்பாடு

மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஏமாறுவதும் இதில்தான். தெளிந்த படலத்தின் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போகிறது. மரத்தின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின், படலத்துக்கு நேர் கீழே சிதைகிறது. படலம் நன்றாகவே இருக்கும். அது பற்றிக்கொண்டிருந்த மரம்தான் பொடியாகியிருக்கும். அதன்பின் நகத்தால் கீறினாலே ஏடு ஏடாகக் கழன்று வரும்.

அதற்கு முன்பே வேறொன்று நடந்திருக்கும். பொருத்துகளிலும் திருகாணித் தலையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விடும். மழைநீர் அதன் வழியாகத் துளித்துளியாக உள்ளே போகும். போன நீர் வெளியேற வழியில்லை, சுற்றிலும் படலம் மூடியிருக்கிறது. பளபளப்பான மேற்பரப்புக்கு அடியில் கருத்த திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் நீர் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஸ்பார் வார்னிஷ் என்று விற்கப்படுவது, பாய்மரக் கப்பலின் பாய் தாங்கும் கழிகளுக்கென்று வந்த பெயர். எண்ணெய் விகிதம் கூட்டி, வேண்டுமென்றே மிருதுவாக வைத்திருப்பதால் மரத்தோடு ஓரளவு வளைந்து கொடுக்கும். வெயிலைத் தடுக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். வீட்டுக்குள் மேசைக்கு அடிக்கும் கடினமான பாலியூரித்தேனை வெளியில் அடிப்பது இதற்கு நேரெதிர். அது முதல் ஆண்டிலேயே வெடிக்கத் தொடங்கும். டப்பாவில் "வெளிப்புறத்துக்கு" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மீதமிருந்த உள்புற வார்னிஷைத் தோட்டத்து பெஞ்சில் அடித்துத் தீர்ப்பது மிகப் பரவலான தவறு.

நல்ல ஸ்பார் வார்னிஷே என்றாலும் இரண்டு கோட்டில் வெளியே விடக்கூடாது. முதல் கோட்டைத் தின்னர் கலந்து நீர்த்து ஊறவிட்டு, அதன்மேல் குறைந்தது ஐந்து கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து அடிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, விரிசல் தெரியும் முன்பே, தேய்த்து ஒன்றிரண்டு கோட் ஏற்ற வேண்டும். விரிசல் தெரிந்த பிறகு மேலே கோட் போடுவது வீண். பழையதோடு சேர்ந்து புதியதும் உரியும். மழை நேரடியாக அடிக்காத, மேலே சாரல்தடுப்பு உள்ள கதவுக்கும் கைப்பிடிச் சட்டத்துக்கும் இதைப் பரிந்துரைக்கலாம். மேசைப் பலகை, படிக்கட்டு, மரத்தளம் இவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்கள்

ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய், "தேக்கு எண்ணெய்" என்று பெயரிட்ட கலவைகள் எல்லாம் இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தேக்கிலிருந்து எடுத்ததல்ல, தேக்குக்குப் பூச என்று கலந்தது. இவை உரியாது, அது பெரிய நன்மை. ஆனால் நிறமி இல்லாத எண்ணெய் வெயிலைத் தடுப்பதே இல்லை. சில மாதங்களில் மரம் நரைக்கத் தொடங்கிவிடும். ஆளி விதை எண்ணெய்க்கு இன்னொரு குறை: பூசணத்துக்கு அது உணவு. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பூஞ்சைக்கொல்லி கலக்காத ஆளி விதை எண்ணெயைப் பூசினால் சில மாதத்தில் கரும்புள்ளி படரும். மரம் அழுக்காகிவிட்டது என்று நினைத்து மறுபடி அதே எண்ணெயைப் பூசுவார்கள். புள்ளி இன்னும் செழிக்கும்.

பூசும் முறையிலும் ஒரு பிசகு வழக்கம். மரம் குடித்தது போக மேலே நிற்பதை 20, 30 நிமிடத்துக்குள் துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். இது மிகைப்படுத்தல் அல்ல. பட்டறைகள் எரிந்ததற்கான காரணங்களில் ஒன்று. துணியைத் தண்ணீரில் முக்கி மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள், அல்லது வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

ஆறு மாதம், ஓராண்டுக்கு ஒருமுறை கையில் துணியோடு உட்காரத் தயங்காதவர்களின் நாற்காலி, பெஞ்சுக்கு எண்ணெய் நல்ல தேர்வு. கட்டுமானத்துக்கு இல்லை.

நிறமி கலந்த ஊறும் ஸ்டெயின்: எங்கள் முதல் தேர்வு

எண்ணெயோ ரெசினோ கொஞ்சம், மெழுகு கொஞ்சம், பூஞ்சைக்கொல்லி, இவற்றோடு நன்றாக அரைத்த இரும்பு ஆக்ஸைடு நிறமி: இவைதான் இதன் உள்ளடக்கம். நிறமி வெயிலை மறிக்கிறது, மெழுகு மழைத்துளியை உருட்டிவிடுகிறது, படலம் இல்லாததால் உள்ளே போன ஈரம் தடையின்றி வெளியேறுகிறது. தோற்கும் விதமும் நல்ல விதம்: மங்கும், தேயும், அவ்வளவுதான். மறுபடி பூசுவதற்குச் சுரண்டும் வேலை இல்லை; கழுவி, காயவிட்டு, ஒரு கோட்.

வழவழப்பாக இழைத்த செங்குத்துப் பலகையில் இரண்டு முதல் நான்கு ஆண்டு. இழைக்காமல் வாளறுத்த சொரசொரப்போடு விட்ட பலகை அதிகம் குடிக்கும் என்பதால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். மரத்தை முகம் பார்க்கும் அளவுக்கு இழைத்துவிட்டு ஸ்டெயின் பூசுகிறவர்கள் பூச்சின் ஆயுளைத் தாங்களே குறைத்துவிடுகிறார்கள். 80 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்துவது போதும். மழையும் காலடியும் படும் தளத்தில் எதிர்பார்ப்பை ஓராண்டு, இரண்டு ஆண்டுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: அதிகம் பூசுவது. "இன்னொரு கோட் போட்டால் இன்னும் நல்லது" என்ற நினைப்பு இங்கே செல்லாது. மரம் குடிக்க முடியாத அளவு மேலே காய்ந்து படலமாகும். படலமானால் அது உரியும். அப்போது ஸ்டெயினின் ஒரே பெரிய நன்மை போயிற்று. இரண்டாம் கோட் வேண்டுமானால் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள், கொடுக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு மூன்று பலகையை ஒரே மூச்சில் முனைக்கு முனை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பட்டை நிரந்தரமாகத் தெரியும்.

நிறம் அடர்த்தியாக ஆக ஆயுள் கூடும். தேன் நிறத்தைவிடப் பழுப்பு அதிக நாள் தாங்கும். நிறமியே இல்லாத "இயற்கைத் தெளிவு" வகையை வாங்குவது எண்ணெய் வாங்குவதற்குச் சமம்.

பெயிண்ட்

வெயிலிலிருந்து மரத்தைக் காப்பதில் பெயிண்டுக்கு நிகர் எதுவும் இல்லை. பிரைமர் எனும் அடிப்பூச்சு ஒரு கோட், அதன்மேல் நல்ல அக்ரிலிக் இரண்டு கோட் சரியாக அடித்தால் செங்குத்துச் சுவர்ப் பலகையில் ஏழு முதல் பத்து ஆண்டு எதிர்பார்க்கலாம். மேல் கோட் ஒன்றோடு நிறுத்தினால் அதில் பாதிதான். அக்ரிலிக் படலம் ஆவியை ஓரளவு வெளியே விடும், மரத்தோடு நீளும். பழைய எண்ணெய் எனாமல் காலப்போக்கில் இறுகி நொறுங்கும். தேக்கு போலச் சாயம் கக்கும் மரங்களுக்கு மட்டும், கறை தடுக்கும் பிரைமர் அடியில் அவசியம். இல்லாவிட்டால் வெள்ளைப் பெயிண்டின்மேல் தேநீர் கொட்டியது போன்ற பழுப்புத் திட்டு எழும்.

பெயிண்ட் உரிவதற்குப் பெயிண்டைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் பின்பக்கம் இருக்கும். முன்முகத்தில் மூன்று கோட், சுவரை ஒட்டிய பின்முகத்தில் ஒன்றுமில்லை. ஈரம் பின்னால் ஏறி, முன்னால் வெளியேறப் பார்த்து, படலத்தைத் தள்ளுகிறது. பலகையைப் பொருத்தும் முன்பே நான்கு முகத்துக்கும் இரண்டு முனைக்கும் பிரைமர் காட்டிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

மற்றொரு காரணம் நரைத்த மரம். புதுப் பலகையை வெயிலில் சில வாரம் கிடத்திவிட்டுப் பெயிண்ட் அடித்தால் பிடிப்பு குறைகிறது. மேல் இழை ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருக்கும். நரை போய்ப் புது மரம் தெரியும் வரை தேய்த்துவிட்டுத்தான் பிரைமர். படுத்திருக்கும் தளப்பலகைக்குப் பெயிண்ட் ஆகாது: நடமாட்டத்தில் தேயும், இடுக்கில் நீர் தங்கும், உரிந்த இடத்தைச் சுரண்டியே காலம் போகும்.

மெழுகு மட்டும் கலந்த நிறமற்ற நீர்விலக்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழைத்துளி உருளும் அழகு சில மாதம் நிற்கும். பெயிண்டுக்கு அடியில் போட எண்ணினால் அதற்கென்று சொல்லப்பட்ட வகைதான் வேண்டும். மெழுகு அதிகமுள்ள வகையின்மேல் பெயிண்ட் ஒட்டாது.

வெட்டுமுனை மெழுகு: யாரும் வாங்காத சிறந்த டப்பா

மரம் வாழ்ந்தபோது நீரை ஏற்றிய குழல்கள் பலகையின் வெட்டுமுனையில் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே நீர் ஏறும். எந்தத் தோட்டத்து மரவேலையைப் பார்த்தாலும் இற்றுப்போன இடம் பெரும்பாலும் தூணின் அடிமுனை, சட்டத்தின் நுனி, பொருத்தின் உள்முகம். பலகையின் நடுவில் தொடங்குவது அரிது. இருந்தும் பூசுகிறவர்களின் கை நடு முகத்தில்தான் ஓடும். முனைக்கு மிச்சம் மீதி.

வெட்டுமுனைக்கென்று விற்கப்படும் மெழுகுக் கரைசலை, வெட்டிய அன்றே, முனை குடிப்பதை நிறுத்தும் வரை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். அது கிடைக்காவிட்டால் ஸ்டெயினையே முனைக்கு மட்டும் மறுபடி மறுபடி கொடுக்கலாம். நாக்கும் துளையும் போட்ட பொருத்து என்றால் சேர்க்கும் முன்பே இரண்டின் உள்முகத்துக்கும் பூச்சு போயிருக்க வேண்டும். சேர்த்த பிறகு பிரஷ் அங்கே போகாது. செலவு, நேரம், பலன் மூன்றையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்கு நிகரான வாங்கல் இல்லை.

பதப்படுத்திகள்

மேலே சொன்னவை எல்லாம் நீரைத் தாமதப்படுத்துபவை. நீர் வந்தே தீரும் இடத்தில், அதாவது மண்ணைத் தொடும் தூணிலும் தெறிப்பு படும் சட்டத்திலும், மரத்தையே பூஞ்சைக்கும் கறையானுக்கும் உணவாகாமல் செய்ய வேண்டும். பிரஷ்ஷால் பூசும் பதப்படுத்தி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். வெயிலில் ஒரு வெடிப்பு விட்டால் அந்தக் கவசத்தைத் தாண்டிவிடும். ஆழமாக இறங்க அழுத்தக் கலனில் ஏற்றிய மரம்தான் வழி.

அந்த முறையின் வரலாற்றில் ஓர் இந்தியப் பெயர் உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த உப்புக் கலவையை 1933-ல் உருவாக்கியவர் சொன்டி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். உலகமெங்கும் மின்கம்பமும் வேலித்தூணும் பல பத்தாண்டு அதன் தயவில் நின்றன. ஆர்சனிக் காரணமாக அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான உற்பத்தி 2003 முடிவோடு நின்றது. இப்போது தாமிரத்தோடு வேறு பூஞ்சைக்கொல்லி சேர்த்த வகைகள் அந்த இடத்தில் இருக்கின்றன. பழைய பச்சைநிறப் பதப்படுத்திய மரத்தை அடுப்பில் எரிக்கக்கூடாது. ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும்.

புதிய தாமிர வகைகளில் கவனிக்க வேண்டியது இரும்பு. தாமிரம் அதிகம் என்பதால் மெல்லிய முலாம் பூசிய சாதாரண ஆணியையும் திருகாணியையும் அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போட வேண்டும். கடலோரம் என்றால் 316 தரம். அலுமினியப் பட்டையை அந்த மரத்தில் நேரே ஒட்டவைக்கக் கூடாது.

இன்னொரு நுணுக்கம். இயற்கையில் வைரம் பாய்ந்த நடுப்பகுதி உறுதி, அதைச் சுற்றிய வெளிர்நிற வெளிறு உளுத்துப்போகும். இது தச்சர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேக்கின் வெளிறுக்கும் இதே கதிதான். இளம் தோட்டத்துத் தேக்கில் வெளிறு அதிகம் என்பதால் "தேக்கு" என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அழுத்தத்தில் ஏற்றும் மருந்து வெளிறில்தான் நன்றாக இறங்கும், வைரம் அதைக் குடிக்காது. பதப்படுத்திய பைன் தூணில் வெளிறு பாதுகாப்பாகி, நடுப்பகுதி பலவீனமாக நிற்கும். அந்தத் தூணைக் குறுக்கே அறுத்தால் மருந்தேறாத நடு வெளியே வந்துவிடும். அறுத்த முனையை மண்ணுக்குள் விடக்கூடாது. தாமிர நாப்தனேட் என்ற பதப்படுத்தியை அந்த முனையில் தாராளமாகப் பூசி, மேல்பக்கமாக வைக்க வேண்டும்.

போரான் உப்பான போரேட் வேறு ரகம். நச்சு குறைவு, நிறமில்லை, ஈர மரத்தில் தானாகவே ஆழம் பரவும். ஆனால் நீரில் கரையும். மழை படும் இடத்தில் வெறுமனே பூசினால் கழுவிக்கொண்டு போய்விடும். கூரைக்கடியில் உள்ள உத்தரத்துக்கும் சட்டத்துக்கும் போதும், அல்லது மேலே பெயிண்டோ ஸ்டெயினோ மூட வேண்டும். அதே கரையும் குணத்தைப் பயன்படுத்திக்கொள்வது உருக்கி வார்த்த போரேட் குச்சி. தூணின் அடியிலும் பொருத்தின் அருகிலும் துளையிட்டுக் குச்சியைச் செருகி மேலே மரத்தக்கை அடைத்துவிட வேண்டும். மரம் காய்ந்திருக்கும் வரை குச்சி சும்மா கிடக்கும். ஈரம் வந்தால் கரைந்து, ஈரம் உள்ள திசையிலேயே பரவும். சில ஆண்டுக்கு ஒருமுறை தக்கையைக் கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் புதியது போடலாம். ஏற்கெனவே நிற்கும் பந்தலையோ கதவு நிலையையோ காப்பாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

ஈரமானி

பூச்சு வாங்குகிறவர்கள் கூடவே இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. ஊசிகளுக்கு நடுவே மின்தடையை அளந்து ஈரத்தைச் சொல்லும். ஏறக்குறைய 6 முதல் 28 சதவீதம் வரை நம்பலாம். அதற்கு மேல் காட்டும் எண்ணை "மிக ஈரம்" என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மர வகைக்கும் வெப்பத்துக்கும் திருத்தம் உண்டு. கையேட்டிலுள்ள அட்டவணையைப் பார்க்காமல் எண்ணை நம்புவது தவறு. உப்பு வகை மருந்து ஏறிய மரத்தில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். காலைப் பனி படிந்த மேற்பரப்பில் குத்தினாலும் அப்படியே. ஊசியை இழையின் போக்கில், உள்ளே நன்றாக இறங்கும்படி, முனையருகே ஒன்று, நடுவில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

பூசுவதற்கு 15 சதவீதத்துக்குக் கீழே வருவது நல்லது. 18-ஐத் தாண்டினால் தள்ளிப்போட வேண்டும். அழுத்தத்தில் பதப்படுத்தி வந்த மரம் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். வாரக்கணக்கில் காயவிட வேண்டிவரும். மீட்டர் இல்லாதவர்கள் சில துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். துளி சில நிமிடத்துக்குள் ஊறினால் மரம் பூச்சைக் குடிக்கத் தயார்; முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, அல்லது மரம் ஈரம்.

பூசும் நாள்

முதலில் கழுவுதல். நரையும் பாசியும் போக, சோடியம் பெர்கார்பனேட் வகைத் தூளை வெந்நீரில் கரைத்துப் பூசி, 15 நிமிடம் விட்டு, இழையின் போக்கில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து அலச வேண்டும். குளோரின் வெளுப்பான் பூசணத்தைக் கொல்லும், கூடவே இழையையும் பஞ்சாக்கும், அதைத் தவிர்க்கலாம். உயர் அழுத்த நீர்ப்பீச்சி இன்னும் மோசம், மிருதுவான வளையங்களைத் தோண்டிவிடும். ஆணியைச் சுற்றிய நீலக்கருப்புக் கறை, இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து வந்தது, சோப்புக்குப் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பூசினால் போகும். அது நச்சு: கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிறகு நிறைய நீர்விட்டு அலச வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பவர்கள் உடைந்த கம்பித் துகளை மரத்தில் விட்டு அதே கறையைப் புதிதாக வரவழைக்கிறார்கள்.

அலசியபின் குறைந்தது இரண்டு மூன்று வெயில் நாள் காயவேண்டும். பூசுவது நேர் வெயிலில் வேண்டாம். சுடும் பலகையில் பூச்சு ஊறுமுன் காய்ந்துவிடும். உள்ளிருக்கும் காற்று விரிந்து பெயிண்டில் கொப்புளம் எழுப்பும். வெயில் நகர நகர நிழலைத் தொடர்ந்து போக வேண்டும். மாலைப் பனிக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுவது, அக்ரிலிக்குக்கு முக்கியமாக, நல்லது.

டப்பாவுக்கு வெளியே

கட்டிய விதம் தவறு என்றால் முதல் தரப் பூச்சும் ஈடுகட்டாது. முடிந்தவரை தூண் மண்ணுக்குள் போகக்கூடாது. காங்கிரீட்டுக்குள் வார்த்து நிறுத்துவது அதைவிட மோசம், மரம் சுருங்கியதும் சுற்றிலும் கிண்ணம்போல இடைவெளி விட்டு நீரைத் தேக்கும். இரும்புப் பாதத்தின்மேல் தூக்கி நிறுத்தி, அடிமுனைக்குக் கீழே காற்றோட விட வேண்டும். மழை தெறிக்கும் உயரமான 20, 30 சென்டிமீட்டருக்குள் மரத்தின் கீழ்முனை வராமல் பார்க்கலாம். வந்தே ஆக வேண்டுமானால் கீழே சிமெண்ட் தளத்துக்குப் பதில் ஜல்லி பரப்பினால் தெறிப்பு குறையும். தளப்பலகைகளுக்கு இடையில் 5, 6 மில்லிமீட்டர் விடுங்கள். ஈர மரத்தை அடித்தால் அது காயும்போது இடைவெளி தானே பெரிதாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பந்தல் சட்டத்தின் தலையைத் தட்டையாக விடாமல் சரிவாகச் சீவுவதும், கைப்பிடியின் அடியில் நீர் சொட்ட ஒரு காடி போடுவதும் ஒரு நாள் வேலை. ஒட்டி நிற்கும் இரண்டு சட்டத்துக்கு நடுவே சில மில்லிமீட்டர் வாஷர் வைத்து விலக்கினால் அங்கே காற்று போகும்.

மழைக்காலம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சுற்று வந்து பாருங்கள். கையில் ஈரமானியும் கூரான திருப்புளியும் போதும். தூணின் அடி, பொருத்துகள், படிக்கட்டுச் சட்டத்தின் நுனி, தளத்தின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் மீட்டர் 20-க்கு மேல் காட்டினால் அந்த இடம் காயவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை அடைத்த பிறகே பூச்சைப் பற்றி யோசிக்கலாம். திருப்புளியால் இழைக்குக் குறுக்கே குத்தி நெம்பினால், நல்ல மரம் நீளச் சிம்பாக, படபடவென்ற ஓசையோடு பிரியும். இற்றுப்போகத் தொடங்கிய மரம் ஓசையின்றி, குத்திய இடத்திலேயே குறுக்கே ஒடியும். மேலே எந்தப் பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், அப்படி ஒடிந்த துண்டை நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு சேர்க்க வேண்டியதுதான். சேர்க்கும் முன் அதன் இரண்டு முனைக்கும் மெழுகு பூசிவிடுங்கள்.